உள்ளூர்ச் செய்தியில் குடியியல் வழக்கு: மட்டக்களப்பு வாசகர் ஒருவரின் மதிப்பீடு

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் இன்று செய்தி வாசிப்பவர் ஒரே இடத்தில் வாசிப்பதில்லை. காலையில் கொழும்பிலிருந்து வரும் தமிழ் நாளிதழின் கிழக்குப் பக்கம், பகலில் உள்ளூர் இணையத்தளம் ஒன்றின் வட்ஸ்அப் குழு, இரவில் யூடியூப் அலைவரிசை என்று மூன்றும் கலந்துதான் ஊர்ச் செய்தி நம் கைக்கு வருகிறது. இம்மூன்றையும் சேர்த்து ஒரே சேவையாகக் கொண்டு, குடியியல் வழக்குகளை அவை எவ்வாறு தருகின்றன என்பதை மட்டும் இங்கு மதிப்பிடுகிறேன். காணி உறுதி எழுதும் அலுவலகமொன்றில் நெடுங்காலமாக வேலை செய்பவன் என்பதால் இச்செய்திகளை என்னால் பொழுதுபோக்காக வாசிக்க முடிவதில்லை. அலுவலகத்துக்கு வரும் கட்சிக்காரர்கள் கைபேசியை நீட்டி, "இதில போட்டிருக்கிற தீர்ப்பு எங்கட காணிக்கும் சரிவருமா, ஐயா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது; அவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு செய்தியை எழுதியவரிடமிருந்து எங்கள் மேசைக்கு மாறிவிடுகிறது. ஊடகங்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். குறைகள் ஏறத்தாழ எல்லாவற்றுக்கும் பொதுவானவை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வழக்கு இருக்கிறது என்பதை அறிவதற்கு இச்சேவைகள் போதும். அந்த வழக்கில் என்ன நடந்தது, யாருக்கு என்ன கிடைத்தது, இனி என்ன நடக்கும் என்பவற்றை அறிவதற்கு இவற்றை நம்பி இருக்க முடியாது.

நீதவான் நீதிமன்றச் செய்தியில் இவை தேர்ந்தவை என்பதை மறுக்கவில்லை. கைது, விளக்கமறியல், பிணை, அடுத்த தவணை என்று ஒரு குற்றவியல் வழக்கின் படிகளை நிருபர்கள் பிசகின்றி எழுதுகிறார்கள். அங்கு பொலிஸார் தகவல் தருகிறார்கள், படம் கிடைக்கிறது, ஒரு நாளிலேயே செய்தி முழுமை பெற்றுவிடுகிறது. மாவட்ட நீதிமன்றத்தில் இவை எதுவும் இல்லை. அங்கு நடப்பது பெரும்பாலும் தாளில் நடக்கிறது: வழக்காளி வழக்குரை தாக்கல் செய்கிறார், எதிராளி மறுமொழி தாக்கல் செய்கிறார், எழுவினாக்கள், அதாவது நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்விகள், வரையப்படுகின்றன, ஆவணங்கள் அடையாளமிடப்படுகின்றன, சாட்சியம் ஒரு தவணையில் பாதியும் அடுத்த தவணையில் மீதியுமாகப் பதிவாகிறது. ஆண்டுக்கணக்கில் நீளும் இந்த வேலையை எழுதத் தெரியாத செய்தியாளர், தனக்குத் தெரிந்த குற்றச் செய்தியின் சட்டகத்துக்குள் அதைத் திணித்துவிடுகிறார். கடன் வழக்கின் எதிராளி "குற்றஞ்சாட்டப்பட்டவர்" ஆகிறார். இழப்பீடு "அபராதம்" ஆகிறது. அழைப்புக் கட்டளை கிடைத்து நீதிமன்றம் சென்றவர் "நீதிமன்றில் ஆஜர்படுத்தப்பட்டார்" என்று எழுதப்படுகிறார். படத்துக்கு, நான் இப்பகுதியின் எந்த நீதிமன்ற மேசையிலும் கண்டிராத ஒரு மரச்சுத்தியல்.

எடுத்துக்காட்டாக ஒரு செய்தியை முழுதாகப் பார்க்கலாம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு வயற்காணி தொடர்பாக உறவினரிடையே தகராறு. "காணி அவருக்கே சொந்தம்: நீதிமன்றம் அதிரடித் தீர்ப்பு" என்பது தலைப்பு. கீழே ஏழெட்டு வரிகள். பொலிஸ் நிலையத்தின் பெயர் இருக்கிறது, நீதவான் பெயர் இருக்கிறது, வென்றவரின் சட்டத்தரணி பெயரும் இருக்கிறது. என்ன வகை வழக்கு என்பது மட்டும் எங்கும் இல்லை. பொலிஸாரின் அறிக்கையின் பேரில் நீதவான் நீதிமன்றத்தில் எடுக்கப்பட்ட காணித் தகராறு என்றால், அது ஏறத்தாழ உறுதியாக 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் வந்தது என்று நான் எடுத்துக்கொள்வேன். கட்டளையின் பிரதியைப் பின்னர் பார்த்தபோது அது அவ்வாறே இருந்தது.

66 ஆம் பிரிவின் நோக்கம் கைகலப்பைத் தடுப்பதாகும். அமைதிக்குப் பங்கம் ஏற்படும் என்று தோன்றும்போது விடயம் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. அறிக்கை தாக்கலான நாளில் காணி யாருடைய கையில், அதாவது ஆட்சியில், இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் எவரேனும் பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்பவற்றையே நீதவான் பார்க்கிறார். உறுதி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது அங்கு முடிவாவதில்லை. எவருக்கு எதிராகக் கட்டளை வந்ததோ அவர் குடியியல் வழக்கொன்றில் தமது உரித்தை, அதாவது காணியின் சட்டபூர்வ உரிமையை, நிறுவுவதை அக்கட்டளை பாதிக்காது என்று அதே சட்டத்தின் 74 ஆம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. அதாவது செய்தி "முடிந்தது" என்று சொன்ன இடத்தில்தான் உண்மையான வழக்கு தொடங்க வேண்டியிருந்தது. தோற்ற தரப்பினர் செய்தியை நம்பி மாவட்ட நீதிமன்றம் போகாமல் இருந்திருந்தால் அதற்கு யார் பொறுப்பு? வென்ற தரப்பினர் அதே செய்தியைக் காட்டிக் காணியை விற்க முயன்றிருந்தால், வாங்குபவரின் நிலை என்ன? இவை கற்பனையான கேள்விகள் அல்ல. காணி விற்க வருபவர் உறுதியோடு இணையச் செய்தியின் அச்சுப் பிரதியையும் கொண்டுவருவது எங்கள் அலுவலகத்துக்குப் புதிதல்ல. அந்தச் செய்தியில் ஒரே ஒரு வாக்கியம், "இது ஆட்சி தொடர்பான கட்டளை, உரித்து தொடர்பான தீர்ப்பு அல்ல" என்று சேர்ந்திருந்தால் போதும். ஏழெட்டு வரியில் அதற்கு இடம் இருந்தது.

இதற்கு அடுத்த நிலையில் வருவது தடையுத்தரவுச் செய்தி. சங்கங்கள், கூட்டுறவு அமைப்புகள், கோயில் பரிபாலன சபைகள் ஆகியவற்றின் உள்வீட்டுச் சண்டைகள் நீதிமன்றம் வரும்போது, பெரும்பாலும் வழக்குத் தாக்கலாகும் நாளிலேயே இடைக்காலத் தடையொன்று கோரப்படும். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 664 ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுத்தால் நோக்கமே கெட்டுவிடும் என்று நீதிபதி கருதும்போது, அத்தரப்பைக் கேளாமலே ஒரு தற்காலிகத் தடையை வழங்கலாம். அது முதற்கட்டத்தில் 14 நாட்களுக்கு மேற்படக் கூடாது. பின்னர் மற்றைய தரப்பு வந்து ஆட்சேபனை சொல்லும். அதன் பிறகே தடை நீடிக்கிறதா, நீங்குகிறதா என்பது விசாரித்து முடிவாகும். நம் ஊடகங்களில் இந்த முதல் 14 நாள் கட்டளைதான் தலைப்புச் செய்தி. "நிர்வாகசபை முறைகேடு: நீதிமன்றம் தடை" என்று வாசிப்பவர், முறைகேடு நடந்ததை நீதிமன்றம் கண்டுகொண்டது என்றே விளங்கிக்கொள்வார். அதுவரை நீதிமன்றம் கண்டது ஒரு தரப்பின் சத்தியக்கடதாசி மட்டுமே. 14 நாட்களுக்குப் பிறகு தடை நீக்கப்பட்டால் அது எங்கும் செய்தியாவதில்லை. நீக்கம் பெற்றவர் தாமே முகநூலில் எழுதிக்கொள்கிறார்.

வண்ணக்கர் எனப்படும் கோயில் நிர்வாகிகளின் தெரிவு பற்றிய வழக்குகள் இதில் தனி வகை. நமது பகுதியில் கோயில் என்பது ஊரின் குடிவழிகளும் உரிமைகளும் சந்திக்கும் இடம் என்பதால், அவ்வழக்குகளை வாசிப்பதற்கு ஆர்வம் அதிகம். எழுதுவதற்குத் துணிவு குறைவு. பெரும்பாலான நிருபர்கள் திருவிழா நிற்குமா, நடக்குமா என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 102 ஆம் பிரிவு, ஒரு மத நிறுவனத்தில் அக்கறையுள்ள ஐந்து பேர் சேர்ந்து அதன் நிர்வாகம் குறித்து மாவட்ட நீதிமன்றத்தை நாட இடமளிக்கிறது. ஏன் ஐந்து பேர் வழக்காளிகளாக நிற்கிறார்கள் என்பதை விளக்காமல், "ஐவர் கொண்ட குழு கோயிலுக்கு எதிராக வழக்கு" என்று எழுதும்போது அந்த ஐவரும் ஊரின் பார்வையில் கோயிலின் பகைவர்கள் ஆகிவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் கணக்குக் கேட்டிருப்பார்கள். அல்லது யாப்பின்படி நடக்கும்படி கேட்டிருப்பார்கள்.

பாராட்ட வேண்டிய ஒரு செய்தியையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். கல்முனைப் பக்கத்து நிருபர் ஒருவர் இத்தகைய கோயில் வழக்கொன்றைப் பற்றி நாளிதழொன்றில் எழுதியிருந்தார். முதல் பந்தியில் வழக்கிலக்கம், நீதிமன்றம், வழக்கு எந்தப் படியில் இருக்கிறது என்பவை இருந்தன. வழக்காளிகள் கோரிய நிவாரணங்களை ஒவ்வொன்றாகவும், எதிராளிகளின் மறுமொழியில் உள்ள பதிலை அதே அளவு இடத்திலும் தந்திருந்தார். நீதிபதி அன்று செய்தது தவணை கொடுத்தது மட்டுமே என்பதை மறைக்காமல் எழுதி, அடுத்த தவணையையும் குறிப்பிட்டிருந்தார். தலைப்பில் "அதிரடி" இல்லை. அதைவிட முக்கியமாக, அடுத்த தவணைக்குப் பின் இரண்டு வரி எழுதினார்; அதற்கடுத்த தவணைக்கும் எழுதினார். இது பக்கத்தின் அடிமூலையில் வந்த சிறு செய்தி. ஆனால் அந்த ஊரில் வதந்தி எழும்போதெல்லாம் மக்கள் எடுத்துக்காட்டியது அதைத்தான்.

இன்னொரு வகை, வழக்கே இல்லாத வழக்குச் செய்தி. அரசியல்வாதி ஒருவர் இன்னொருவரிடம் மானநட்டம் கோரிச் சட்டத்தரணி ஊடாகக் கோரிக்கைக் கடிதம் அனுப்பினால், "நூறு கோடி ரூபா கேட்டு வழக்கு" என்று உடனே வந்துவிடும். கடிதம் வழக்கல்ல, கேட்ட தொகை கிடைத்த தொகையுமல்ல. 2002 இல் குற்றவியல் அவதூறு சட்டத்திலிருந்து நீக்கப்பட்ட பிறகு, அவதூறுக்கு எஞ்சியிருக்கும் முதன்மையான வழி குடியியல் வழக்குத்தான் என்பதால் இத்தகைய கடிதங்கள் தாராளமாகவே எழுதப்படுகின்றன. கடிதம் போனபின் வழக்குத் தாக்கலானதா என்று திரும்பிப் பார்த்த ஓர் உள்ளூர்ச் செய்தியையும் நான் காணவில்லை.

உயர் நீதிமன்றத்தின் பெரிய தீர்ப்புகளிலும் இதே குழப்பம் தொடர்கிறது. 2019 ஏப்ரல் 21 அன்று நடந்த ஈஸ்டர் ஞாயிறுத் தாக்குதல்களுக்கு இலக்கான இடங்களில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் ஒன்று என்பதால், 2023 ஜனவரி 12 அன்று வந்த அடிப்படை உரிமைத் தீர்ப்பு இந்த நகருக்கு வெறும் கொழும்புச் செய்தி அல்ல. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 100 மில்லியன் ரூபாவும், அன்றைய பொலிஸ் மாஅதிபரும் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளரும் தலா 75 மில்லியன் ரூபாவும், பாதுகாப்புச் செயலாளர் 50 மில்லியன் ரூபாவும் இழப்பீடு செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. நான் அன்று பார்த்த உள்ளூர் முகநூல் பக்கங்கள் சிலவற்றில் இது "அபராதம்" என்றும் "குற்றவாளி" என்றும் போயிற்று. அது குற்றத் தீர்ப்பல்ல. அடிப்படை உரிமை மீறப்பட்டதற்கான இழப்பீடு. இந்த வேறுபாட்டைச் சொல்லாததன் விளைவு, "தண்டனை கொடுத்தாகிவிட்டதே, இன்னும் என்ன வழக்கு?" என்ற கேள்வியாக, பாதிக்கப்பட்ட குடும்பங்களிடமே திரும்பி வந்தது.

மட்டக்களப்புப் பண்ணையாளர்கள் கால்நடை மேய்க்கும் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரையின் ஆக்கிரமிப்பு விடயத்தில் ஊடகங்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் தொடங்கிய போராட்டத்தை நாள் தவறாமல் காட்டியவர்கள் உள்ளூர்ச் செய்தியாளர்களே. என்றாலும் கொட்டகையும் பதாகையும் கிடைத்த அளவுக்கு, அதே விடயம் நீதிமன்றத்தில் எந்த நிலையில் இருந்தது என்பது வாசகருக்குக் கிடைக்கவில்லை.

வழியுரிமை வழக்குகளில் செய்யப்படும் பிழை சற்று வேடிக்கையானது. பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் இங்கு இன்னும் உயிரோடு இருப்பதால், சீதனக் காணி வழக்கு என்றவுடன் "தேசவழமைச் சட்டத்தின்படி" என்று சேர்த்துவிடுகிறார்கள். தேசவழமை வடமாகாணத் தமிழருக்குரிய சட்டம். மட்டக்களப்புக்கு உரியதாக இருந்தது முக்குவர் சட்டம். அதுவும் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. இன்று மட்டக்களப்புத் தமிழரின் வழியுரிமையை ஆள்வது பொதுச் சட்டம். முஸ்லிம்களுக்கு 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் வழியுரிமைக் கட்டளைச் சட்டம். இந்த ஒரு சொற்றொடரை நம்பித் தன் மனைவியின் காணியை விற்கத் தன் சம்மதமும் வேண்டும் என்று வாதிட்ட கணவர்களை எங்கள் அலுவலகம் கண்டிருக்கிறது. தேசவழமையில் அப்படியொரு விதி உண்டு, மட்டக்களப்பில் இல்லை.

நுண்கடன் பெற்ற பெண்களின் ஆர்ப்பாட்டங்கள் பற்றி எழுதப்படும் அளவுக்கு அதன் வழக்குகள் பற்றி எழுதப்படுவதில்லை. 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் கடன் வழங்கும் நிறுவனம் வழக்கிட்டால், நீதிமன்றம் முதலிலேயே ஒரு நிபந்தனைத் தீர்ப்பாணையை, அதாவது கடனாளி தக்க காரணம் காட்டாவிட்டால் உறுதியாகிவிடும் தீர்ப்பாணையை, வழங்குகிறது. கடனாளி தோன்றி எதிர்வாதம் செய்ய நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். சாதாரண வழக்கைப் போல் வந்து நின்று "நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்று சொன்னால் மட்டும் போதாது. கையில் கிடைத்த தாளை அலமாரியில் வைத்துவிட்டுத் தவணை வரட்டும் என்று காத்திருக்கும் பெண்களுக்கு இது எவ்வளவு அவசியமான தகவல்! ஆர்ப்பாட்டப் படத்தின் கீழே நான்கு வரியில் சொல்லக்கூடிய இத்தகவலை நான் எந்த உள்ளூர்த் தளத்திலும் வாசித்ததில்லை.

நிருபர்களின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பிரதேச நிருபர்களில் பலர் வெளியான செய்திக்கு ஏற்பக் கொடுப்பனவு பெறுகிறவர்கள். காலை முதல் மாவட்ட நீதிமன்றத்தில் அமர்ந்து, வழக்கு ஒத்திவைக்கப்பட்டது என்ற ஒரு வரியோடு வெளியே வருபவருக்கு அன்றைய பேருந்துச் செலவும் தேறாது. அதனால் நீதிமன்ற வாசலில் நின்று கருத்துச் சொல்லும் சட்டத்தரணியின் வாக்கே செய்தியாகிவிடுகிறது. அவர் ஒரு தரப்புக்காகச் சம்பளம் பெறுபவர் என்பது வாசகருக்குச் சொல்லப்படுவதில்லை. அச்சமும் ஒரு காரணம் என்கிறார்கள். நீதிமன்ற அவமதிப்புக்கு 2024 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை தனிச் சட்டம் இருக்கவில்லை. எல்லை எது என்று தெரியாமல் எழுதுவதைவிட எழுதாமல் விடுவது பாதுகாப்பு என்று பலர் கருதியதில் வியப்பில்லை. ஆனால் அச்சட்டம் நீதிமன்ற நடவடிக்கைகளை நியாயமாகவும் துல்லியமாகவும் அறிக்கையிடுவதை அவமதிப்பாகக் கொள்வதில்லை. அரசியலமைப்பின் 106 ஆம் உறுப்புரையின்படி நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமானவை. குடும்ப உறவு போன்ற சில விடயங்களில் மட்டுமே நீதிபதி வெளியாரை விலக்கலாம். மொழியும் இங்கு தடையல்ல, நமது மாவட்ட நீதிமன்றங்களின் பதிவேடு தமிழிலேயே இருக்கிறது. ஆகவே எஞ்சியிருப்பது பணமும் பயிற்சியுமே. செய்தித்தள உரிமையாளர்கள் பதில் சொல்ல வேண்டிய இடமும் அதுவே.

குடும்ப வழக்குகளில் இதற்கு நேரெதிரான குறை இருக்கிறது. அங்கு எழுத வேண்டாததை எழுதுகிறார்கள். விவாகரத்து வழக்கிலும் தாபரிப்பு வழக்கிலும் பெண்ணின் பெயரையும் கிராமத்தையும் வெளியிட்டு, வழக்குரையில் கணவர் எழுதிய குற்றச்சாட்டை அப்படியே தலைப்பாக்கிய ஓர் அலைவரிசையிலிருந்து நான் அன்றோடு விலகிக்கொண்டேன்.

தீர்ப்புக்குப் பின்னர் நடப்பதில் இச்சேவைகளுக்குச் சுத்தமாக அக்கறை இல்லை. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும், தீர்ப்பு நாளிலிருந்து 60 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவும் கொடுக்கலாம். அது குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் சென்று, அனுமதி கிடைத்தால் உயர் நீதிமன்றம் வரை போகலாம். இந்தக் கால எல்லைகளைத் தீர்ப்புச் செய்தியின் இறுதி வரியாகச் சேர்க்க எந்தச் செலவும் இல்லை. சட்டம் தரும் கால அவகாசங்களைச் சொல்வதிலும் இதே அலட்சியம். போரினால் நீதிமன்றம் போக முடியாமலிருந்தவர்களின் காணிகளை மற்றவர்கள் பத்தாண்டு ஆட்சியைக் காட்டி உரிமை கோருவதைத் தடுப்பதற்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடும் விசேட ஏற்பாட்டுச் சட்டமொன்று 2016 இல் 5 ஆம் இலக்கமாக வந்தது. அதன் பயனைப் பெறக் குறிப்பிட்ட காலத்துக்குள் வழக்கிட வேண்டும். வாகரையிலும் படுவான்கரையிலும் இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களுக்கு அக்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைவூட்டியிருக்க வேண்டியவை உள்ளூர் ஊடகங்கள். அச்சட்டத்தைப் பற்றி எங்களிடம் விசாரித்தவர்களில் பெரும்பாலோர் காலம் கடந்த பிறகே வந்தார்கள்.

திருத்தம் கேட்டால் என்ன நடக்கிறது என்பதும் ஒரு சேவையின் தரத்தைக் காட்டும். நாளிதழுக்கு எழுதிய கடிதம் தாமதமாகவேனும் ஒரு மூலையில் வெளிவந்தது. இணையத்தளம் எந்தக் குறிப்பும் இல்லாமல் செய்தியையே நீக்கிவிட்டது. ஆனால் வட்ஸ்அப்பில் போன பிரதிகள் போனவையே. யூடியூப் அலைவரிசை பதிலளிக்கவில்லை. இந்த மூன்றில் பணம் கொடுத்து வாங்குவது நாளிதழ் ஒன்றுதான், அதற்குரிய பயன் அதில் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. கிழக்குப் பக்கத்தின் சிறு செய்திகளையும் அறிவித்தல் விளம்பரங்களையும் வாசிப்பவருக்கு, தலைப்புச் செய்திகளை வாசிப்பவரைவிட அதிகம் கிடைக்கும்.

காணி வாங்கப்போகிறவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. கூட்டுக் காணியைப் பங்காளிகளுக்குப் பிரிக்கும் பங்கீட்டு வழக்கில் காணியை அளக்க வரும் நில அளவையாளர் அந்தக் காணியிலேயே பறையறைந்து அறிவிக்க வேண்டும் என்று 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இன்றும் எதிர்பார்க்கிறது. வெளியூரில் இருப்பவருக்கு அந்தப் பறை கேட்கப்போவதில்லை, ஊர்ச் செய்தித்தளமும் அதைச் சொல்லப்போவதில்லை. ஆனால் பங்கீட்டு வழக்கு நிலுவையில் இருப்பது காணிப் பதிவகத்தின் ஏட்டில் பதியப்பட்டிருக்க வேண்டும். கைபேசிச் செய்தியில் என்ன இருந்தாலும், முற்பணம் கொடுக்குமுன் அந்த ஏட்டை ஒரு நொத்தாரிசைக் கொண்டு தேடுவியுங்கள்.